வரும் கடிதம் வருகிறது. போகும் கடிதம் ஏன் போகவில்லை?

கணிப்பொறியில் மின்னஞ்சல் எழுதிப் பழகிய குடும்பங்களில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. "காலையிலிருந்து கடிதங்களெல்லாம் வந்துகொண்டுதான் இருக்கின்றன, நான் எழுதியது மட்டும் போக மறுக்கிறது" என்பதே அது. இணைய இணைப்பு அறுந்திருந்தால் எதுவுமே வாராதல்லவா? கடவுச்சொல் பிழையாயின் வரும் கடிதமும் நின்றிருக்குமல்லவா? வருவது வரும்போது, போவது மட்டும் நிற்பானேன்? கேள்வி நியாயமானதே. இதற்குரிய விடையை உணர்ந்துகொண்டால், கடிதம் அனுப்புவதில் நேரும் கோளாறுகளுள் பெரும்பாலானவற்றைப் பிறர் உதவியின்றி நாமே சீர்செய்துகொள்ளலாம்.

இதனைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடுவதற்கில்லை. வர வேண்டிய கடிதம் வராவிட்டால் நாம் காத்திருக்கிறோம், விசாரிக்கிறோம், தேடுகிறோம். போகாத கடிதத்தின் நிலைமை அவ்வாறன்று. அது போய்விட்டதென்றே நம்பி, கணிப்பொறியை மூடிவிட்டு, வேறு அலுவலைக் கவனிக்கச் சென்றுவிடுகிறோம். மகளின் கல்லூரி விண்ணப்பத்திற்குக் குறித்த நாள் கடந்துபோகிறது. மருத்துவருக்கு அனுப்பிய சோதனை அறிக்கை வீட்டிலேயே கிடக்கிறது. "பதில் எழுதக்கூட மனம் வரவில்லையே" என்று அயல்நாட்டிலுள்ள உறவினர்மீது மனத்தாங்கலும் உண்டாகிறது. அவருக்கோ கடிதமே கிட்டவில்லை!

இருவேறு பணியாளர்கள்

நம் வீட்டுக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் கொணர்ந்து தருகிறார். நாம் எழுதும் கடிதத்தையோ நாமே எடுத்துச் சென்று தபால் பெட்டியில் இடுகிறோம். தபால்காரர் நாள் தவறாமல் வருகிறார் என்பதனால், தெருமுனையிலுள்ள பெட்டியும் திறந்திருக்கிறது என்று கொள்ள முடியுமா? மின்னஞ்சலிலும் இவ்விரண்டும் வெவ்வேறு பணிகளே.

கடிதங்களைப் பெற்றுத் தருவதற்கு 'ஐமேப்' அல்லது 'பாப்' என்னும் முறை பயன்படுகிறது. அனுப்புவதற்கு 'எஸ்.எம்.டி.பி.' என்னும் வேறொரு முறை உண்டு. பெறுவதற்கு ஒரு சர்வர், அனுப்புவதற்கு மற்றொரு சர்வர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயரும், 'போர்ட்' எனப்படும் தனித்தனி வாயில் எண்ணும் உண்டு. தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் மென்பொருளில், பெறுவதற்கான கடவுச்சொல் ஓரிடத்திலும் அனுப்புவதற்கான கடவுச்சொல் வேறோரிடத்திலும் பதிவாகின்றன. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும் என்று எண்ணலாகாது. ஆகவே, வரும் கடிதம் வருவதை வைத்து அனுப்பும் அமைப்பும் செம்மையாக உள்ளதென்று முடிவுகட்டுதல் தவறு.

திறந்திருந்த கதவு அடைபட்ட கதை

அனுப்பும் சர்வர் இத்தனை கண்டிப்பாக நடந்துகொள்வானேன் என்பதையும் அறிவது நன்று. ஜோனதன் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் எஸ்.எம்.டி.பி. முறைக்குரிய விதிகளை 1982 ஆகஸ்டில் வகுத்து வெளியிட்டார். அம்முறையில் இரு கணிப்பொறிகள் ஒன்றோடொன்று உரையாடுகின்றன. ஒன்று 'ஹெலோ' என்று வணக்கம் கூறும். அனுப்புவோர் இன்னார் என்று சொல்லும். பெறுவோர் இன்னார் என்று சொல்லும். பிறகு கடிதத்தை ஒப்படைக்கும். மற்றது ஒவ்வொரு படியிலும் ஒரு மூன்றிலக்க எண்ணால் விடை கூறும். இந்த உரையாடலில், "நீ உண்மையில் யார்?" என்னும் கேள்வி மட்டும் இடம்பெறவில்லை. அந்நாளில் இவ்வலையைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளருமே ஆதலால், ஒருவர் சொல்லை மற்றவர் ஐயமின்றி ஏற்றனர்.

அந்த நம்பிக்கைக்கு ஊறு நேரும் என்பதற்கான அறிகுறி முன்னரே தோன்றியிருந்தது. 1978 மே மாதத்தில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில், கேரி தூர்க் என்னும் விற்பனை அலுவலர் தம் நிறுவனத்தின் கணிப்பொறிகளைப் பற்றிய விளம்பரத்தை ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். வேண்டாத விளம்பரக் கடிதங்களுக்கு அதுவே முதல் எடுத்துக்காட்டு என்பர். 1990-களில் இணையம் பொதுமக்களிடம் பரவியபோது இத்தொல்லை பெருகிற்று. யார் எதைக் கொடுத்தாலும் மறுக்காமல் ஏற்று அனுப்பிய சர்வர்களைத் தேடிப்பிடித்து, அவற்றின் வழியாக விளம்பரங்களையும் மோசடிக் கடிதங்களையும் கொட்டினர்.

எனவே, கதவை அடைக்க நேர்ந்தது. பயனர்கள் தம் கடிதத்தை ஒப்படைப்பதற்கென்று 587 என்னும் தனி வாயில் எண் 1998-ல் ஒதுக்கப்பட்டது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டுச் சோதிக்கும் முறை 1999-ல் வகுக்கப்பட்டது. பழைய 25-ஆம் எண் வாயில் இன்றும் உண்டு. எனினும் அது சர்வர்கள் தமக்குள் கடிதம் பரிமாறிக்கொள்வதற்கானது. வீட்டு இணைப்புகளில் அவ்வாயிலை இணைய நிறுவனங்கள் பல அடைத்தே வைத்திருக்கின்றன. நச்சுநிரல் புகுந்த வீட்டுக் கணிப்பொறி, உரியவர் அறியாமலே ஆயிரக்கணக்கான கடிதங்களை வெளியே அனுப்பிவிடக் கூடும் என்பதே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் அமைத்த கணக்கில் 25 என்றே எழுதியிருந்து, கடிதம் போகாமல் நிற்பது இன்றும் நேர்கிறது.

முதற்கண் கடிதம் எங்கே?

கோளாறு நேர்ந்தவுடன் அமைப்புகளை மாற்றத் தொடங்காதீர்கள். முதலில் கடிதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'அவுட்பாக்ஸ்' அறையில் கிடக்கிறதா, 'டிராஃப்ட்ஸ்' எனப்படும் வரைவுகளின் அறையில் இருக்கிறதா, 'சென்ட்' எனப்படும் அனுப்பியவற்றின் அறையில் சேர்ந்துவிட்டதா? அனுப்பியவற்றுள் சேர்ந்து, பிறகு "சேர்ப்பிக்க இயலவில்லை" என்று ஓர் அறிவிப்பு வந்திருந்தால், நம் அமைப்பில் குறையில்லை. பெறுவோர் முகவரியில் எழுத்துப்பிழை இருக்கலாம். அல்லது அவர் பக்கத்துச் சர்வர் ஏற்க மறுத்திருக்கலாம்.

இன்னொரு நிலைமையும் உண்டு. ஐமேப் முறையில், தண்டர்பேர்ட் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு, அதன் படியொன்றைப் பின்னர் 'சென்ட்' அறையில் வைக்கிறது. இரண்டாவது வேலை மட்டும் தடைப்பட்டால், கடிதம் சென்றுவிட்டது, படியை வைக்க முடியவில்லை என்னும் பொருளில் ஓர் அறிவிப்புத் தோன்றும். அதனைப் படிக்காமல் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவோர் ஒரே கடிதத்தை மூன்று முறை அனுப்பிவிடுகின்றனர்!

அடுத்து, இணைய உலாவியில் அதே கணக்கைத் திறந்து, அங்கிருந்து ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். அங்கிருந்து போனால், கணக்கு நலமாக உள்ளது. கோளாறு நம் மென்பொருளின் அமைப்பிலோ நம் இணைப்பிலோதான். அங்கிருந்தும் போகாவிடில், மென்பொருளை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. இந்த ஒரு சோதனை வீண் உழைப்பைப் பெரிதும் தவிர்க்கும்.

மூன்றிலக்க எண் கூறும் செய்தி

திரையில் தோன்றும் பிழை அறிவிப்பை மூடிவிடுவதே நம்மிற் பலருக்கு வழக்கம். சற்றுப் பொறுத்து, அதிலுள்ள மூன்றிலக்க எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 2-ல் தொடங்கும் எண் "சரி, ஏற்றேன்" என்று பொருள்படும். 4-ல் தொடங்குவது "இப்போது இயலாது, பிறகு வருக" என்பது. சான்றாக, 421 என்று வந்தால் பெரும்பாலும் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்புவதே போதும். 5-ல் தொடங்குவது திட்டமான மறுப்பு. காரணத்தைக் களையாமல் எத்தனை முறை அனுப்பினாலும் போகாது.

அம்மறுப்புகளுள் நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுபவை சிலவே. 530 என்றால், அடையாளம் காட்டாமல் கடிதத்தை நீட்டியிருக்கிறீர்கள். 535 என்றால், அடையாளம் காட்டினீர்கள், அது ஏற்கப்படவில்லை. பயனர் பெயரிலோ கடவுச்சொல்லிலோ குறையுண்டு. 550 என்றால், பெறுவோர் முகவரி இல்லை, அல்லது வேறொரு விதியின்படி கடிதம் மறுக்கப்பட்டது. 552 என்றால், பெரும்பாலும் கடிதத்தின் அளவு வரம்பை மீறியுள்ளது. எண் எதுவுமே இல்லாமல் "நேரம் கடந்துவிட்டது" என்றோ "இணைக்க இயலவில்லை" என்றோ மட்டும் வந்தால், நம் கணிப்பொறியால் சர்வருடன் உரையாடலைத் தொடங்கவே இயலவில்லை என்பது பொருள். அப்போது கடவுச்சொல்லைக் குறைகூறுவதில் பயனில்லை. சர்வர் பெயர், வாயில் எண், காப்பு முறை, இணைப்பு ஆகியவற்றையே நோக்க வேண்டும்.

சரிபார்க்க வேண்டிய ஐந்து விவரங்கள்

தண்டர்பேர்டில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' என்னும் பகுதியைத் திறந்தால், இடப்புறப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்னும் வரி தென்படும். அதனுள் ஐந்து விவரங்கள் உள்ளன. பலர் பயன்படுத்தும் ஜிமெயில் கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலாவது, சர்வர் பெயர். ஜிமெயிலுக்கு அது 'எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்'. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடைவெளியின்றி, இடையே புள்ளியிட்டு எழுத வேண்டும். ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும் சர்வர் அகப்படாது.

இரண்டாவதும் மூன்றாவதுமான வாயில் எண்ணும் காப்பு முறையும் இணைபிரியாதவை. 465 என்று எழுதினால் 'எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.' என்பதையும், 587 என்று எழுதினால் 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 465-ல் முதற்சொல்லே மறைமொழியில் தொடங்குகிறது. 587-ல் வெளிப்படையாக வணக்கம் கூறிவிட்டு, பிறகு மறைமொழிக்கு மாறுகின்றனர். 465-உடன் 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' என்பதைப் பொருத்திவிட்டால் என்ன நேரும்? நம் கணிப்பொறி சர்வரின் வணக்கத்தை எதிர்பார்த்திருக்கும்; சர்வரோ நம் கணிப்பொறி மறைமொழியில் தொடங்கட்டும் என்று காத்திருக்கும். யாரும் பேசாமல் நேரம் கடந்துவிடும். மேலே கூறிய "நேரம் கடந்துவிட்டது" என்னும் அறிவிப்புக்கு இது ஒரு முக்கிய காரணம்.

நான்காவது, அடையாளச் சோதனையின் முறை. ஐந்தாவது, பயனர் பெயர். ஜிமெயிலில் முழு முகவரியையும் எழுதுக. 'அட்' குறிக்கு முன்னுள்ள பகுதி மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரே கணிப்பொறியில் தந்தையும் மகளும் தத்தம் கணக்கை வைத்திருக்கும் வீடுகளில் மற்றொன்றையும் நோக்குதல் வேண்டும். ஒவ்வொரு கணக்கின் முதற்பக்கத்திலும், அக்கணக்கின் கடிதங்கள் எந்தச் சர்வர் வழியாகச் செல்ல வேண்டும் என்று குறிக்கும் இடம் உண்டு. மகளின் கணக்கில் தந்தையின் சர்வர் குறிக்கப்பட்டிருந்தால், ஒருவர் பெயரால் எழுதிய கடிதத்தை வேறொருவர் அடையாளத்தைக் காட்டி நீட்டுவதாகிவிடும். சில சர்வர்கள் இதனை உடனே மறுத்துவிடும். கடிதம் வெளியேறினாலும், பெறுவோர் பக்கத்தில் ஐயத்துக்குள்ளாகிக் குப்பை அறையில் விழலாம். தம் பெயரால் கடிதம் அனுப்ப எந்தெந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்பதை நிறுவனங்கள் இப்போது பதிவுசெய்து வைக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் கூகுள், யாஹூ ஆகியவை இச்சான்றுகளை முன்னினும் கண்டிப்பாகக் கேட்கின்றன.

கடவுச்சொல் சரியாயிருந்தும் மறுப்பதேன்?

"கடவுச்சொல்லைப் பத்து முறை சரிபார்த்துவிட்டேன், ஆயினும் 535 என்றே வருகிறது" என்பாரும் உளர். அவர் கூற்று உண்மையாகவே இருக்கலாம். 2022 மே 30 முதல், தனியார் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் மென்பொருள்களைக் கூகுள் ஏற்பதை நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் தன் அவுட்லுக்.காம் தனிக்கணக்குகளில் 2024 செப்டம்பரில் அவ்வாறே செய்தது.

இதற்கு மாற்றாக வந்துள்ள முறையின் பெயர் 'ஓ-ஆத் 2'. அடையாளச் சோதனை முறையில் இதனைத் தேர்ந்தெடுத்தால், கூகுள் நிறுவனத்தின் பக்கமே ஒரு சாளரத்தில் திறக்கும். கடவுச்சொல்லை அங்கே கொடுக்கிறோம். மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே கிட்டுகிறது. நம் கடவுச்சொல் மென்பொருளின் கைக்குப் போவதில்லை. இம்முறைக்குத் தண்டர்பேர்டில் 'குக்கி' எனப்படும் சிறு பதிவுகளை அனுமதித்திருக்க வேண்டும். அவற்றைத் தடுத்து வைத்திருந்தால் அச்சாளரம் முறையாக இயங்காது.

இப்புதிய முறையை அறியாத பழைய மென்பொருள்களும் உள்ளன. விண்டோஸ் எக்ஸ்.பி.யுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அத்தகையது. ஜிமெயிலில் ஈரடுக்குச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொண்டோர், மென்பொருளுக்கென்றே 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற வழியுண்டு. 'ஆப் பாஸ்வேர்ட்' என்பது அதன் பெயர். கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால், இந்தத் தனிக் கடவுச்சொல் செல்லாததாகிவிடும். புதிதாக ஒன்று பெற வேண்டும். அவ்வாறு பெற்றதைப் பெறும் பகுதி, அனுப்பும் பகுதி ஆகிய இரண்டிலும் மாற்ற வேண்டும். தண்டர்பேர்டில் சேமித்துள்ள கடவுச்சொற்களின் பட்டியலில், எஸ்.எம்.டி.பி. என்று தொடங்கும் பழைய பதிவை நீக்கிவிட்டால், அடுத்த முறை அனுப்பும்போது மென்பொருள் தானே கேட்டுக்கொள்ளும்.

அமைப்பு செம்மையாயினும் தடைப்படுவது

ஐந்து விவரங்களும் சரியாயிருந்து கடிதம் போகவில்லையெனில், வேறு சில இடங்களில் காரணம் மறைந்திருக்கும். அவற்றுள் ஒன்று, யாரும் ஐயுறாத கணிப்பொறியின் கடிகாரம். பழைய கணிப்பொறியின் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகிறது. சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் குறித்த காலத்திற்குள் மட்டுமே செல்லும். நம் கடிகாரம் பிழையானால், நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தோன்றி இணைப்பு முறிகிறது. திரையின் மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பார்ப்பதற்கு என்ன செலவு?

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்களும் சில வேளைகளில் வெளிச்செல்லும் கடிதத்தை இடைமறித்துச் சோதிக்கையில் தடை விளைக்கின்றன. வீட்டு இணைப்பில் ஐயம் இருந்தால், கைப்பேசியின் 'ஹாட்ஸ்பாட்' வழியாகக் கணிப்பொறியை இணைத்து அனுப்பிப் பாருங்கள். அதில் போனால், குறை வீட்டு இணைப்பில்தான்.

சிறு கடிதம் போகிறது, படங்கள் இணைத்த கடிதம் மட்டும் போகவில்லையா? அளவே காரணமாகலாம். ஜிமெயிலில் ஒரு கடிதத்தின் வரம்பு 25 மெகாபைட். "என் படங்கள் 20 மெகாபைட்தானே?" என்பீர்கள். இணைப்புகள் அனுப்பப்படும்போது எழுத்துவடிவாக மாற்றப்படுகின்றன. அப்போது அவற்றின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 20 மெகாபைட் ஏறத்தாழ 27 ஆகிவிடும். திருமணப் படங்களை இரண்டு மூன்று கடிதங்களாகப் பிரித்து அனுப்புவதே எளிய வழி.

செய்யத் தகாதவை

அவசரத்தில் சிலர், காப்பு முறையில் 'நன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, "எப்படியாவது போனால் சரி" என்று முயல்வர். அது கடவுச்சொல்லையும் கடிதத்தையும் மூடாத உறையிலிட்டு அனுப்புவதற்கு ஒப்பாகும். இடையிலுள்ள எவரும் படிக்கலாம். அவ்வாறு செய்யாதீர்கள்.

ஒரே நேரத்தில் நான்கு விவரங்களை மாற்றிவிட்டு, எது பயன் தந்தது என்று அறியாமல் திகைப்பதும் வேண்டாம். ஒன்றை மாற்றுங்கள், உங்கள் முகவரிக்கே இரண்டு வரிக் கடிதம் அனுப்பிப் பாருங்கள், பயனில்லையேல் அதனைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

எல்லாவற்றினும் மேலாக, இணையத்தில் தேடி அகப்படும் ஏதேனுமொரு உதவித் தொலைபேசி எண்ணை நம்பி அழைக்காதீர்கள். அஞ்சல் நிறுவனத்தின் பணியாளர்போல் பேசி, கணிப்பொறியைத் தொலைவிலிருந்தே தம் கைவசப்படுத்திக்கொண்டு, வங்கிக் கணக்கைச் சூறையாடுவோர் உள்ளனர். கடவுச்சொல்லையோ கைப்பேசிக்கு வரும் குறியீட்டு எண்ணையோ யார் கேட்டாலும் கூறலாகாது. கடிதம் ஒருநாள் தாமதமாவதால் வரும் இழப்பு, சேமிப்பு முழுவதும் பறிபோவதோடு ஒப்பிடத்தக்கதன்று.

வாசக அன்பர்களே, அஞ்சல் மென்பொருள் நன்கு இயங்கும் நாளிலேயே, அனுப்பும் சர்வரின் பெயர், வாயில் எண், காப்பு முறை, அடையாளச் சோதனை முறை, பயனர் பெயர் ஆகிய ஐந்தையும் வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அங்கே எழுத வேண்டாம். பிள்ளைகள் வெளியூர் சென்றபின் இல்லத்தில் தனித்திருக்கும் பெற்றோருக்கு அந்த ஒரு பக்கம் பெருந்துணையாகும். முக்கியமான கடிதம் அனுப்பிய நாளில், எழுந்து செல்லுமுன் 'அவுட்பாக்ஸ்' அறையை ஒருமுறை திறந்து, அது காலியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.